‘இத்துடன் திரும்புங்கள்’: கினபாலு மலைக் காவலர்களின் வரலாறு

சபா மாநிலத்தின் கினபாலு மலை நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம் பிடிப்பது அபூர்வம். அப்படி வரும்போது அது பெரும்பாலும் துயரச் செய்தியாகவே இருக்கிறது. காணாமல் போனவர்கள், கால் தவறி விழுந்தவர்கள், நிலநடுக்கத்தில் சிக்கியவர்கள். அந்தச் செய்திகளில் பூங்காக் காவலர்களும் மலை வழிகாட்டிகளும் ஓரிரு வரிகளில் வந்து போவார்கள். பரபரப்பு அடங்கியதும் அவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

ஆனால், அவர்களுடைய பணி ஆண்டின் 365 நாளும் நடக்கிறது. எந்த விபரீதமும் நடக்காத நாள்தான் அவர்களுக்கு வெற்றி நாள். எதுவும் நடக்காத நாளைப் பற்றி யார் செய்தி எழுதப் போகிறார்கள்?

ஒரு பூங்காவின் விதிமுறைகளைப் படிக்கும்போது பலருக்கும் சலிப்பு வரும். ‘அட்டையைக் கழுத்தில் மாட்டுங்கள்’, ‘வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள்’, ‘இந்த நேரத்துக்குள் வராவிட்டால் திரும்பிவிடுங்கள்’ என்று நீளும் பட்டியல் அது. இந்த விதிகள் ஒவ்வொன்றையும் கேட்டு நடக்க வேண்டிய காரணம் கினபாலுவின் வரலாற்றில் இருக்கிறது.

ரப்பர் கன்று நட்டவரும் மலை ஏறியவரும்

கினபாலுவின் மேல் பகுதியை அடைந்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் மனிதர் ஹியூ லோ. 1851ஆம் ஆண்டு அவர் லாபுவான் தீவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தார். இந்தப் பெயர் நமக்கு அந்நியமானதன்று. பின்னாளில், 1877இல், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றவரும் இவர்தான். கோலகங்சாரில் அவருடைய இல்லத் தோட்டத்தில் நடப்பட்ட ரப்பர் கன்றுகள் மலாயாவின் ரப்பர் வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்று. தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி வந்து உழைத்த அந்த ரப்பர் யுகத்தின் விதையும், கினபாலு மலையேற்றத்தின் முதல் பதிவும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்திப்பது விந்தைதான்.

மலையின் மிக உயரமான சிகரத்துக்கு இன்று ‘லோ சிகரம்’ என்று பெயர். அதன் உயரம் 4,095 மீட்டர். உண்மையில் ஹியூ லோ அந்த உச்சியைத் தொடவில்லை. 1888இல்தான் ஜான் வைட்ஹெட் என்ற விலங்கியல் ஆர்வலர் அதை எட்டினார். ஆனால், இந்த இருவரின் பெயர்களைச் சொல்லும் நூல்கள், அவர்களுக்கு முன்னால் நடந்து வழி காட்டியவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

அவர்கள் மலையடிவாரத்தில் வாழும் டூசுன் மக்கள். இறந்தோரின் ஆவிகள் இளைப்பாறும் இடம் இந்த மலை என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனால் சேவலும் முட்டையும் படைத்து, மலையிடம் அனுமதி கேட்ட பிறகே அவர்கள் மேலே ஏறினார்கள். இன்றும் பூங்காவின் ஆதரவோடு ஆண்டுதோறும் அந்தச் சடங்கு நடைபெறுகிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அந்தச் சடங்குக்குள் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. ‘மலை பெரியது, நீ சிறியவன், கேட்காமல் ஏறாதே’ என்பதே அதன் பொருள். பின்னாளில் பூங்கா வகுத்த விதிகள் அதே கருத்தை வேறு மொழியில் சொல்கின்றன.

பூங்கா பிறந்தது

1961ஆம் ஆண்டிலும் 1964ஆம் ஆண்டிலும் பிரிட்டனின் ராயல் சொசைட்டி இந்த மலைக்கு ஆய்வுக் குழுக்களை அனுப்பியது. அவற்றுக்குத் தலைமை ஏற்றவர் இ.ஜே.எச். கார்னர். சிங்கப்பூர் பூமலையில் துணை இயக்குநராகப் பணியாற்றியவர். உயரமான மரங்களிலிருந்து செடிகொடிகளைப் பறித்துவரக் குரங்குகளைப் பழக்கியவர் என்று இன்றும் சிங்கப்பூரில் நினைவுகூரப்படுபவர். மலையின் தாவர வளத்தைக் கண்ட அவர், அதைப் பாதுகாக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். சபா மலேசியாவில் இணைந்த மறு ஆண்டான 1964இல் கினபாலு தேசியப் பூங்கா உருவானது. 2000ஆம் ஆண்டில் முலு பூங்காவுடன் சேர்ந்து, மலேசியாவின் முதல் உலக மரபுடைமைத் தலங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ இதை அறிவித்தது.

இன்று இந்தப் பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 754 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றுப் பெரியது. இந்தப் பரப்பைக் காப்பவர்களில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர், சபா பூங்காக்கள் அமைப்பின் ஊழியர்களான பூங்காக் காவலர்கள். இன்னொரு வகையினர், உரிமம் பெற்ற மலை வழிகாட்டிகள். மலாய் மொழியில் இவர்களை ‘மாலிம் குனோங்’ என்பார்கள். இவர்களில் பெரும்பாலோர் கியாவ், புண்டு துஹான் போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். தந்தை செய்த வேலையை மகன் தொடர்வது அங்கே வழக்கம்.

தொடக்கத்தில் காவலரின் வேலை என்றால் திருட்டைத் தடுப்பதுதான் என்று பலரும் நினைத்தார்கள். அந்த வேலை இன்றும் இருக்கிறது. உலகில் வேறெங்கும் கிடைக்காத ஆர்க்கிட் வகைகளும் பெரிய குடுவைச் செடிகளும் இங்கே வளர்கின்றன. அவற்றைப் பிடுங்கிச் சென்று விற்பவர்கள் உண்டு. சில அரிய ஆர்க்கிட் மலர்கள் வளரும் இடத்தை வெளியில் சொல்லாமல் காப்பதும் காவலர்களின் கடமை. ஆனால், மலையேற வருவோரின் எண்ணிக்கை பெருகப் பெருக, செடியைக் காப்பவர்கள் மனிதனையும் காக்க வேண்டிய நிலை வந்தது.

ஒரு சாதாரண நாள்

மலையேற்றம் திம்போஹோன் நுழைவாயிலில் தொடங்குகிறது. அதுவே கடல் மட்டத்திலிருந்து 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காவலர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சரிபார்த்து, அட்டை தந்து அனுப்புகிறார்கள். அந்த அட்டை வெறும் அனுமதிச் சீட்டன்று. மாலையில் இறங்கி வருவோரைக் கணக்கிடும்போது ஓர் ஆள் குறைந்தால், மலையில் எங்கோ ஒருவர் இருக்கிறார் என்று பொருள். அன்றிரவு யாரோ ஒரு காவலர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும்.

அங்கிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் படியும் கல்லுமாக ஏறினால், 3,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் பானாலாபான் வந்துசேரும். மலையேறிகள் இரவு தங்கும் இடம் அதுதான். அங்கே காற்றில் உயிர்வளி அழுத்தம் குறைவு. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் வரலாம். நம்மில் பலர் அதைச் சாதாரண அலுப்பு என்று எண்ணி, மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறிவிடப் பார்ப்போம். அனுபவமுள்ள வழிகாட்டி அதற்கு இடம் தருவதில்லை. முற்றிய மலை நோய்க்குத் தலையாய மருந்து உடனே கீழே இறங்குவதுதான். நடக்க முடியாதவரைத் தூக்குக் கட்டிலில் வைத்து, ஆள் மாற்றி ஆள் சுமந்து, வழுக்கும் படிகளில் இறக்க வேண்டும்.

அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கு உச்சியை நோக்கிய நடை தொடங்கும். சாயாட்-சாயாட் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மரமில்லை, மறைப்பில்லை. வெறும் கருங்கல் சரிவு. அந்தப் பாறை மீது உச்சிவரை ஒரு வெள்ளைக் கயிறு கட்டப்பட்டிருக்கிறது. மூடுபனி சூழ்ந்தால் பத்தடி தூரத்தில் இருப்பவரும் கண்ணுக்குத் தெரியமாட்டார். அப்போது அந்தக் கயிறுதான் வழி. மழை கொட்டினால் பாறை முழுவதும் நீரோடையாக மாறிவிடும். அந்த நேரத்தில் பாதையை மூடுவதா, திறப்பதா என்று முடிவெடுப்பவர்கள் காவலர்களும் வழிகாட்டிகளும்தான்.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய வேலையின் மிகக் கடினமான பகுதி வருகிறது. சுமப்பதும் தேடுவதும்கூடப் பழகிவிடும். பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி, விமானச் சீட்டு எடுத்து, விடுப்புப் போட்டு வந்திருக்கும் ஒருவரிடம், உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, ‘இத்துடன் திரும்புங்கள்’ என்று சொல்வது அப்படிப் பழகிவிடுவதில்லை. சிலர் கெஞ்சுவார்கள், சிலர் கோபப்படுவார்கள், சிலர் பணம் கொடுத்தது நாங்கள்தானே என்பார்கள். அந்த ஒரு சொல்லை மதிப்பதா, மீறுவதா என்பதில் பல உயிர்கள் தங்கியிருக்கின்றன.

காவலர்களின் கால் வேகத்துக்கும் ஒரு கதை உண்டு. கினபாலுவில் 1987ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துலக மலையோட்டப் போட்டி, விளையாட்டு உலகில் பெயர் பெற்றது. அந்தப் போட்டியின் வேர், மீட்புப் பணிக்கு விரைந்து ஓடக்கூடியவர்களைப் பூங்கா ஊழியர்களிடையே கண்டெடுக்கும் பயிற்சியில் இருக்கிறது. உலகம் கைதட்டிப் பார்த்த ஓட்டம், ஆபத்தில் இருப்பவரை நோக்கி ஓடிய ஓட்டத்திலிருந்து பிறந்தது.

ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள்

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது நம் பழமொழி. 1994ஆம் ஆண்டு கினபாலுவில் அது எழுத்துக்கு எழுத்து உண்மையானது. மலையின் வடபுறத்தில் ‘லோ பள்ளத்தாக்கு’ என்ற பெரும் பிளவு இருக்கிறது. ஒரு மைலுக்கும் அதிகமான ஆழம். அதற்குள் இறங்கி வெளியேறும் திட்டத்துடன் பிரிட்டிஷ் இராணுவத்தின் பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று வந்தது. குழுவில் ஹாங்காங்கைச் சேர்ந்த மூன்று வீரர்களும் இருந்தார்கள்.

பிப்ரவரி மாத இறுதியில் இறங்கத் தொடங்கிய குழு இரண்டாகப் பிரிந்தது. வேகமாகச் சென்ற ஐவர் காயங்களோடும் பசியோடும் காட்டைக் கடந்து வெளியே வந்தனர். பின்தங்கிய ஐவரோ, இறங்கிய கயிற்றை இழுத்துக்கொண்ட பிறகு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் பாறைகளுக்கு நடுவே சிக்கினர். பெருமழையும் வெள்ளமும் சேர்ந்துகொண்டன. மலேசிய இராணுவமும் பூங்காக் காவலர்களும் பிரிட்டனிலிருந்து வந்த மீட்புக் குழுவினரும் தேடினர். மார்ச் 25ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். பல நாள் பட்டினி கிடந்தும் ஐவரும் உயிருடன் இருந்தார்கள்.

பயிற்சி பெற்ற இராணுவத்தினருக்கே அந்த நிலை என்றால் சாதாரணச் சுற்றுப்பயணிகளின் கதி என்ன? அதற்கான விடை 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. குடும்பத்துடன் வந்த 17 வயது பிரிட்டிஷ் மாணவி ஒருவர், உச்சிப் பகுதியில் மோசமான வானிலையில் குழுவிலிருந்து பிரிந்துவிட்டார். பல நாள் தேடுதலுக்குப் பிறகு அவரது உடல்தான் கிடைத்தது. நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரம், பனியும் குளிர்காற்றும் வந்தால் உயிரைக் குடிக்கும் என்பதை அந்தத் துயரம் காட்டியது. குழு பிரியக் கூடாது, வழிகாட்டி கண்பார்வையில் இருக்க வேண்டும் என்று காவலர்கள் இன்று வற்புறுத்துவதை எரிச்சலோடு கேட்பவர்கள், அந்த மாணவியை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2015: மறக்க முடியாத ஒரு வாரம்

2015ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி பத்து வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் உச்சிப் பகுதியில் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டனர். வழிகாட்டி தடுத்தும் அவர்கள் செவிமடுக்கவில்லை. மலையைப் புனிதமாகக் கருதும் மக்கள் கொதித்தெழுந்தனர். பின்னர் அவர்களில் நால்வருக்குக் கோத்தா கினபாலு நீதிமன்றம் மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. வழிகாட்டியின் சொல்லுக்கு அப்போது எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு இந்தச் சம்பவம் ஒரு சான்று.

அடுத்த ஆறாவது நாள், ஜூன் 5ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 7.15 மணிக்கு மலை குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 6.0. வானுயர்ந்து நின்ற ‘கழுதைக் காது’ சிகரத்தின் ஒரு பகுதி உடைந்து விழுந்தது. வீட்டளவு பாறைகள் சரிவில் உருண்டன. அந்த நேரத்தில் பலர் உச்சியிலும், பாறைச் சுவரில் இரும்புக் கம்பிகளைப் பிடித்து நடக்கும் பாதையிலும் இருந்தனர். 18 பேர் உயிரிழந்தார்கள்.

சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியிலிருந்து சென்ற குழுவில் ஏழு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும், உடன் சென்ற ஒரு வழிகாட்டியும் அவர்களுள் அடக்கம். ஜூன் 8ஆம் தேதியைச் சிங்கப்பூர் தேசிய நினைவு நாளாக அறிவித்தது. அப்போது அங்கே தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. கொடிகள் அரைக் கம்பத்தில் பறந்தன.

இறந்தவர்களில் நால்வர் உள்ளூர் மலை வழிகாட்டிகள். உயிர் தப்பிய வழிகாட்டிகளுக்கோ அன்றைய வேலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. மலை மீது 137 பேர் சிக்கியிருந்தார்கள். பாதை உடைந்து கிடந்தது. மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. பின்னதிர்வுகள் தொடர்ந்தன. மேலிருந்து கற்கள் விழுந்துகொண்டே இருந்தன. அந்த நிலையில், அறிந்த தடமெல்லாம் அழிந்துவிட்ட மலையில், புதுத் தடம் பார்த்து மக்களைக் கீழே அழைத்து வந்தவர்கள் வழிகாட்டிகள்தான். இரவெல்லாம் நடந்த அந்தப் பயணம் மறுநாள் அதிகாலையில் முடிவுக்கு வந்தது. காயமடைந்த ஒரு சிறுவனை முதுகில் சுமந்து ஒரு வழிகாட்டி பாறைச் சரிவில் இறங்கும் படம் உலகம் முழுவதும் பரவியது.

அவர்களுடைய சொந்தக் கிராமங்களும் அதே நிலநடுக்கத்தில் அதிர்ந்திருந்தன. தங்கள் வீடு என்ன ஆயிற்று என்று தெரியாமலே, முன்பின் அறியாத பிள்ளைகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள் அவர்கள். மீட்புப் பணி தாமதமானதாக அப்போது கடும் விமர்சனம் எழுந்தது. வழிகாட்டிகளின் துணிச்சலைப் புகழ்ந்த அதே மக்கள், அவர்களுக்கு ஏன் முறையான மீட்புக் கருவிகளும் பயிற்சியும் தரப்படவில்லை என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. வீரத்தைப் பாராட்டி மாலை போடுவது ஒரு நாள் வேலை. கயிறும் தலைக்கவசமும் தொலைத்தொடர்புக் கருவியும் வாங்கிக் கொடுப்பது ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய வேலை.

பாடம் படித்த மலை

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்தது. தீயணைப்பு மீட்புத் துறையும் பூங்காவும் சேர்ந்து, மலையை நன்கறிந்த உள்ளூர் மக்களையும் உட்படுத்தி, மலைத் தேடல் மீட்புக் குழுவை அமைத்தன. சிதைந்த பாதைக்குப் பதிலாக ரானாவ் தடம் என்ற புதிய வழி அமைக்கப்பட்டது. 2015 செப்டம்பர் முதல் தேதி பானாலாபான் வரையிலும், டிசம்பர் முதல் தேதி உச்சி வரையிலும் மலை மீண்டும் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது.

இந்த ஏற்பாடுகளுக்கு 2018ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி இரவு சோதனை வந்தது. ரானாவ் வட்டாரத்தில் 5.2 அளவில் மீண்டும் நிலநடுக்கம். மலை மீது நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அனைவரும் பத்திரமாக இறக்கப்பட்டார்கள். முந்தைய நிலநடுக்கத்தைவிட இது சிறியது, நேரமும் வேறு. ஆகவே இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. என்றாலும், என்ன செய்ய வேண்டும் என்பது இம்முறை அனைவருக்கும் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி ஓரிரு நாளில் நாளிதழ்களிலிருந்து மறைந்துவிட்டது. யாரும் இறக்கவில்லை அல்லவா!

நம் கடமை என்ன?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைக்கும் அருவிக்கும் செல்லும் பழக்கம் நம் சமூகத்தில் பெருகியிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. கினபாலுவாக இருந்தாலும், ஜொகூரின் குனோங் லேடாங்காக இருந்தாலும், சிங்கப்பூரின் புக்கிட் தீமாவாக இருந்தாலும், நுழைவாயிலில் சீருடையோடு நிற்கும் மனிதரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பெரும்பாலும் டிக்கெட் வாங்கும் ஆளாகத்தான் பார்க்கிறோம். அவர் கேட்கும் கேள்விகளுக்கு அவசர அவசரமாகப் பதில் சொல்கிறோம். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா என்று படிவத்தில் கேட்டால், அனுமதி மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் ‘இல்லை’ என்று எழுதுவோரும் உண்டு. அந்தப் பொய்யைச் சொல்பவர் மேலே மயங்கி விழுந்தால், அவரைச் சுமந்துகொண்டு ஆறு கிலோமீட்டர் இறங்கப்போவது அந்தச் சீருடைக்காரர்தான்.

பூங்காக் காவலருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை மிக எளிது. உடல்நிலையைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். கொடுத்த அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாதீர்கள். இறங்கியதும் அதை மறக்காமல் ஒப்படையுங்கள். குழுவில் மெதுவாக நடப்பவரை விட்டுவிட்டு முன்னே ஓடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இத்துடன் திரும்புங்கள்’ என்று அவர் சொன்னால், காரணம் கேட்டு வாதாடாமல் திரும்புங்கள். காரணங்கள் அந்த மலையில் 1994லும் 2001லும் 2015லும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. நம் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பி வந்து, உச்சியைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று குறைபட்டுக்கொள்ளட்டும். அந்தக் குறையை எந்தப் பெற்றோரும் மகிழ்ச்சியோடு கேட்பார்கள்.